நடக்காத பிள்ளைக்கு எந்த வண்டி? நான்கு வழிகளும் ஒரு கேள்வியும்

ஒரு நாள் இரவு தங்கை நான்கு படங்கள் அனுப்பினாள். ஒன்றில், குழந்தைகளை உட்காரவைக்கும் ஃபோம் இருக்கைக்கு இரண்டு பக்கமும் குட்டி சைக்கிள் சக்கரம் மாட்டியிருந்தது. இரண்டாவது, பிள்ளைகள் ஏறி ஓட்டும் பேட்டரி கார். மூன்றாவது, முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும் வாக்கர். நான்காவது, கச்சிதமான சிறுவர் சக்கர நாற்காலி. கீழே ஒரே வரி: “அண்ணா, இதுல எது?”

அவள் மகளுக்கு அப்போது ஒரு வயது பத்து மாதம். ஸ்பைனா பிஃபிடா. முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதி கருவிலேயே சரியாக மூடாமல் பிறந்தவள். இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்ச்சியும் மிகக் குறைவு. கை இரண்டும் நல்ல வலு, வாய் அதைவிட வலு. நான் இயந்திர வரைபடம் போட்டுப் பிழைப்பவன். கேள்வி என்னிடம் வந்ததால் உடனே சக்கரத்தின் விட்டம், பேரிங், ப்ளைவுட்டின் தடிமன் என்று இறங்கிவிட்டேன். அது தப்பு என்று தெரிய மூன்று வாரமும் ஒரு முழுப் பலகையும் வீணாயின.

திருத்தியவர் பிசியோதெரபிஸ்ட். என் வரைபடத்தை அவர் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “இவ தானா ஆரம்பிச்சு, தானா நிறுத்தக்கூடிய அசைவு எது? அதை முதல்ல சொல்லுங்க. வண்டியைப் பத்தி அப்புறம் பேசலாம்” என்றார்.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பதற்கு ஒரு பழைய சோதனை பதில் சொல்லும். 1963-இல் ரிச்சர்ட் ஹெல்ட், ஆலன் ஹைன் என்ற இருவர், இருட்டில் வளர்த்த பூனைக்குட்டிகளை இரண்டிரண்டாக ஒரு சின்ன ராட்டினத்தில் பூட்டினார்கள். ஒரு குட்டி தன் காலால் நடக்கும், மற்றது தொட்டிலில் உட்கார்ந்தபடி சுற்றிவரும். நடக்கிற குட்டி எந்தப் பக்கம் திரும்புகிறதோ தொட்டிலும் அந்தப் பக்கம் திரும்பும். இரண்டும் பார்த்தது ஒரே காட்சிதான். பிறகு சோதித்தபோது, நடந்த குட்டி பள்ளத்தைக் கண்டு ஒதுங்கியது, முகத்துக்கு நேரே எதுவும் வந்தால் கண்ணைச் சிமிட்டியது. தொட்டிலில் போன குட்டிக்கு இரண்டுமே வரவில்லை. வெளிச்சத்தில் இரண்டு நாள் தன் இஷ்டத்துக்குத் திரிய விட்ட பிறகுதான் அதுவும் தேறியது. மனிதப் பிள்ளைகளிலும் உயரத்தைக் கண்டு அஞ்சுகிற புத்தி வயதை மட்டும் பார்த்து வருவதில்லை, தவழத் தொடங்கிய பிறகே வருகிறது என்று உளவியலாளர் ஜோசஃப் காம்போஸ் போன்றவர்கள் காட்டியிருக்கிறார்கள்.

பிள்ளையை உட்காரவைத்து நாம் தள்ளிக்கொண்டு போகும் ஸ்ட்ரோலரைப் பற்றி எனக்கு இருந்த நல்லெண்ணம் அதோடு போயிற்று. வெளியே கூட்டிப்போக அது வேண்டும்தான். ஆனால் அது தொட்டில் குட்டியின் இடம். பிள்ளைத்தமிழில் வருகைப் பருவம் என்று ஒன்று வைத்தார்கள், “வருக, வருக” என்று பிள்ளையை அழைப்பது. அழைப்புக்கு அர்த்தம் இருப்பதே பிள்ளை தானாக வரக்கூடும் என்பதால்தான். தங்கை அனுப்பிய நான்கு படங்களையும் இந்த இடத்தில் வைத்துப் பார்க்கத் தொடங்கினேன். எதில் ஏற்றினால், கூப்பிட்டால் அவளே வருவாள்?

வாக்கர்

வாக்கர் படத்தைப் பார்த்ததும் வீட்டில் எல்லோர் முகமும் மலர்ந்தது. காரணம் எளிது, அது நடப்பதைப் போல இருக்கிறது.

குழந்தைக்கு முன்னால் நிற்கும் சாதாரண வாக்கரைவிடப் பின்பக்க வாக்கர் பல பிள்ளைகளுக்குப் பொருந்தும். முன்னால் கம்பி இருந்தால் பிள்ளை அதன்மேல் எடையைப் போட்டுக் குனிந்துகொண்டே ஓடும். சட்டம் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டால் சாய்வதற்கு முன்னால் ஒன்றும் இல்லை, உடம்பு தானாக நிமிர்கிறது. எதிரே தடை இல்லாததால் மேசைக்கு நேராகப் போய் நின்று பொம்மையை எடுக்கவும் முடியும். பல மாதிரிகளில் சக்கரம் பின்னோக்கி உருளாதபடி தடுப்பு இருக்கும், அதை வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும். கால் எடையைத் தாங்கவேண்டும், கை பிடிக்கவேண்டும், உடம்பு ஓரளவு நிற்கவேண்டும். இந்த மூன்றும் இருந்தால்தான் இது.

பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள பிள்ளைகளை, தானாக எவ்வளவு அசைய முடிகிறது என்பதை வைத்து, 1997-இல் ராபர்ட் பலிசானோவும் அவருடைய குழுவினரும் ஐந்து நிலைகளாகப் பிரித்தார்கள். முதல் இரண்டு நிலைப் பிள்ளைகள் பெரும்பாலும் கருவி இல்லாமல் நடப்பார்கள். மூன்றாம் நிலைக்கு இந்த வாக்கர் அளவெடுத்துத் தைத்த சட்டை. நான்கு, ஐந்துக்கு மார்பையும் இடுப்பையும் தாங்கும் கெய்ட் டிரெய்னர் வேண்டும், அதையும் பிசியோவோ மருத்துவரோ இல்லாமல் தொடங்கக் கூடாது. பெருமூளை வாதத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு விலகுகிறது. ஐந்தாம் நிலையில் அது 90 சதவீதம்வரை போகிறது. இடுப்பின் எக்ஸ்ரே பார்க்காமல் நிற்கவைத்துப் பழக்குவது குருட்டு வேலை.

கடைகளில் சாதாரணக் குழந்தைகளுக்கு விற்கும் வட்ட பேபி வாக்கரை இந்த வரிசையில் சேர்க்கவே வேண்டாம். படிக்கட்டில் உருண்டு விழும் விபத்துகளால் 2004-இல் கனடா அதன் விற்பனையையே தடைசெய்தது. உடம்பு நிற்காத பிள்ளையை அதில் விட்டால் இன்னும் மோசம், நுனிக்காலால் உந்தப் பழகிவிடும்.

பெரியவரின் இடுப்பில் பெல்ட்டை மாட்டி, பிள்ளையின் பாதத்தைப் பெரியவரின் பாதத்தோடு பூட்டி நடக்கவைக்கும் அப்ஸி என்ற சாதனமும் உண்டு. டெபி எல்நாதன் என்ற தாய் தன் மகனுக்காக யோசித்துச் செய்தது, 2014-இல் விற்பனைக்கு வந்தது. பிள்ளை நின்றபடி உலகத்தைப் பார்க்கிறது, மற்றப் பிள்ளைகளின் முகம் அதன் உயரத்தில் கிடைக்கிறது. அது பெரிய விஷயம். ஆனால் எங்கே போவது என்று முடிவுசெய்வது பெரியவரின் கால். என் கணக்கில் அது நின்றுகொண்டு போகும் ஸ்ட்ரோலர்.

எங்கள் குட்டிக்கு, அதாவது தங்கை மகளுக்கு, இடுப்புக்குக் கீழ் உணர்ச்சியே குறைவு. அந்த வயதில் வாக்கர் அவளுக்குப் பயிற்சி ஆகலாம், போக்குவரத்து ஆகாது. வீட்டில் இதைச் சொன்ன அன்று யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

பேட்டரி கார்

டெலவேர் பல்கலைக்கழகத்தில் கோல் காலோவே தொடங்கிய “கோ பேபி கோ” திட்டத்தால் இது உலகம் முழுக்கப் பரவியது. விஷயம் எளிமையானது. பொம்மைக் காரின் கால் பெடலை எடுத்துவிட்டு, பிள்ளை எதை அசைக்க முடியுமோ அதன் பக்கத்தில் ஒரு பெரிய பொத்தானை வைப்பது. பிவிசி குழாயில் சட்டம் கட்டி, அதன்மேல் நீச்சல்குளத்து ஃபோம் குழாயைச் சுற்றி உடம்புக்குத் தாங்கல் கொடுப்பது.

மின்சாரத்தில் இயங்கும் வண்டியைச் சின்னப் பிள்ளைக்குக் கொடுத்தால் நடக்கிற முயற்சியையே விட்டுவிடும் என்று வெகுகாலம் பயந்தார்கள். 1980-களிலேயே சார்லீன் பட்லர் என்ற ஆய்வாளர் இரண்டு வயதுப் பிள்ளைகளை மோட்டார் நாற்காலி ஓட்டவைத்துக் காட்டினார். 2012-இல் வந்த ஓர் ஆய்வில் 14 முதல் 30 மாதப் பிள்ளைகள் 28 பேரில் ஒரு பாதிக்கு மோட்டார் வண்டி கொடுத்தார்கள். ஓராண்டில் அந்தப் பாதி இடம்பெயர்வதில் மட்டுமல்லாமல், சொன்னதைப் புரிந்துகொள்வதிலும் கூடுதலாக முன்னேறியிருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் பழைய பயத்துக்கு அது நல்ல பதில். இப்போது 12 முதல் 36 மாதக் குழந்தைகளுக்கென்றே பெர்மோபில் நிறுவனம் செய்யும் எக்ஸ்ப்ளோரர் மினி 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கிறது. ஜாய்ஸ்டிக்கால் ஓடும், நின்ற இடத்திலேயே திரும்பும்.

பொம்மைக் காரில் நான் கைவைத்தது நண்பரின் மகனுக்காக. மூன்று வயது, பெருமூளை வாதம், நான்காம் நிலை. பொத்தானை எல்லோரும் வைப்பதைப் போல ஸ்டீயரிங்கின் நடுவில் வைத்தோம். அதை எட்ட அவன் முயன்றதும் கால் விறைத்து, தலை பின்னால் போய், உடம்பே வில்லாக வளைந்தது. பொத்தானை வலது முழங்கையின் உட்பக்கம், இருக்கை ஓரத்தில் கொண்டுபோய் வைத்தோம். கையைச் சற்றே அகட்டினால் போதும், கார் நகர்ந்தது. இடம் மாற்றியது ஒரு சாண்கூட இல்லை.

வயரிங்கில் நான்கு விஷயம் சொல்லவேண்டும். பெடலின் சுவிட்ச் மோட்டாரின் மொத்தக் கரண்டையும் தாங்கும்படி செய்தது. கையால் அமுக்கும் பொத்தான் அப்படி இல்லை, நடுவில் ஒரு ரிலே (சிறிய கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) போடாவிட்டால் அது கருகிவிடும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் வேண்டும். பெரியவர் கைக்கு எட்டும்படி பின்னால் ஓர் அவசர சுவிட்ச் வேண்டும். வேகத்தைக் குறைக்க, இணையாக இருக்கும் இரண்டு மோட்டாரையும் தொடர் இணைப்புக்கு மாற்றலாம். 12 வோல்ட்டில் ஆளுக்கு 6 கிடைக்கும், வேகம் ஏறத்தாழ பாதியாகும். ஆனால் வழுவழுப்பான தரையில் ஒரு சக்கரம் வழுக்கினால் அது மட்டும் வெறுமனே சுற்றும், வண்டி நகராது. எங்களுக்கு அதுதான் நடந்தது. பிறகு, மெதுவாகக் கிளம்பும்படி வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு கருவியை மாட்டினோம்.

அவன் சிரித்த சிரிப்புக்கு அத்தனை உழைப்பும் தகும். இருந்தாலும் குறையைச் சொல்லத்தான் வேண்டும். இந்தக் கார் நேராகப் போகும், திரும்புவதற்கு ஒரு மைதானம் கேட்கும். முழங்கையால் பொத்தானை அமுக்கும் பிள்ளை அதே நேரத்தில் ஸ்டீயரிங்கை வளைக்க முடியாது, அப்பா பக்கத்தில் ஓடிக்கொண்டே திருப்பவேண்டும். அறைக்குள் சோபாவுக்கும் கட்டிலுக்கும் நடுவே புகுந்து பந்தை எடுக்க இது உதவாது. தொடங்கவும் நிறுத்தவும் கற்றுக்கொடுக்க நல்ல ஆசிரியர், அன்றாட வாகனம் அல்ல.

சிறுவர் சக்கர நாற்காலி

இதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் வீட்டுத் தச்சு வேலைக்கு இடமே இல்லை. தலை முழுதாக நிற்காத பிள்ளை, முதுகு ஒரு பக்கம் வளையும் பிள்ளை, நாளில் பல மணிநேரம் உட்கார்ந்தே இருக்கவேண்டிய பிள்ளை என்றால் வீட்டில் செய்ததை நம்பக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2008-இலும் 2023-இலும் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றைத்தான்: நாற்காலியைக் கொடுத்தால் மட்டும் போதாது, அளவெடுக்கவேண்டும், பொருத்திப் பார்க்கவேண்டும், பழக்கவேண்டும், பிறகும் வந்து பார்க்கவேண்டும்.

பெற்றோர் செய்யும் பெரிய தவறு, “வளர்ந்தாலும் ஆகட்டும்” என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது. இருக்கை ஆழமாக இருந்தால் பிள்ளை முன்னால் வழுக்கி வாலெலும்பில் உட்காரும். இருக்கையின் முன்விளிம்பு முழங்காலின் பின்மடிப்புக்கு இரண்டு விரல் முன்னதாகவே முடியவேண்டும். அகலம் கூடினால் கை சக்கரத்தை எட்டாது, சிறகு விரித்த கோழி மாதிரி முழங்கையை அகட்டித் தள்ளும். எடையையும் பார்க்கவேண்டும். 11 கிலோ பிள்ளைக்கு 10 கிலோ நாற்காலி என்றால் பெரியவர் ஒருவரைத் தன் எடையளவு வண்டியைத் தள்ளச் சொல்வதைப் போல.

தரையோடு ஒட்டிய வண்டி

முதல் படத்துக்கு வருகிறேன். நான் முதலில் ஏளனமாகப் பார்த்தது இதைத்தான்.

பிசியோதெரபிஸ்ட் கேட்ட கேள்விக்கு எங்கள் குட்டியின் விடை கை. உட்காரவைத்தால் உடம்பும் நிற்கிறது. கையால் சக்கரத்தைத் தள்ளினால் நகரும், பிடித்தால் நிற்கும், ஒன்றை மட்டும் தள்ளினால் திரும்பும். தொடக்கம், நிறுத்தம், திருப்பம் மூன்றும் அவள் கையிலேயே. இருக்கை தரையிலிருந்து நான்கு விரல் உயரம்தான். இரண்டு வயதுப் பிள்ளைகளின் உலகமே தரையில்தான் இருக்கிறது, மற்றவர்கள் தரையில் விளையாடும்போது இவள் மட்டும் மேலே நாற்காலியில் இருந்தால் பார்வையாளர்தான். கொஞ்சம் பழகினால் தானே இறங்கி, தானே ஏறலாம். வேறு எந்த வண்டியிலும் அந்த வயதில் அது நடக்காது.

12 மி.மீ. ப்ளைவுட் அடிப்பலகை, இரு பக்கமும் 12 அங்குலக் குழந்தை சைக்கிள் சக்கரம், முன்னால் சிறிய சுழல் சக்கரம். அச்சை எங்கே வைப்பது என்பதில்தான் என் முதல் பலகை பாழானது. பயந்துபோய் அச்சை முதுகுக்குப் பின்னால் தள்ளிவைத்தேன். வண்டி கவிழவில்லை, ஆனால் எடை முழுவதும் முன் சக்கரத்தில் ஏறி, அவள் தள்ளத் தள்ள நகரவே இல்லை. தோளுக்கு நேர் கீழே அச்சு வருகிற மாதிரி 4 செ.மீ. முன்னால் கொண்டுவந்தேன். ஒரே தள்ளலில் பறந்தது. அடுத்த தள்ளலில் பின்னால் மல்லாந்தது. என் கை பின்னால் இருந்ததால் தப்பித்தோம். பின்புறம் தரைக்கு ஒரு விரல் மேலே குட்டி உருளை ஒன்றைத் தடுப்பாக வைத்ததும் இரண்டும் சரியாயின. முன் சக்கரம் மிகச் சிறிதாக இருந்தால் நிலைப்படியில் சட்டென்று முட்டி நிற்கும், பிள்ளை முன்னால் குப்புறச் சாயும். அதையும் ஒரு அளவு பெரிதாக்கவேண்டி வந்தது.

சக்கரத்தின் உச்சியில் கைவைத்தால் முழங்கை லேசாக மடிந்திருக்கவேண்டும். நேராக நீண்டிருந்தால் சக்கரம் தாழ்வு, தோள் காதைத் தொட்டால் உயரம். கம்பிகளுக்கு நடுவே விரல் போகாதபடி இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தட்டு மாட்டவேண்டும். அசையும் பாகங்களுக்கு நடுவே 5 முதல் 12 மி.மீ.வரை உள்ள இடைவெளிதான் பிள்ளை விரலைக் கடிக்கும் என்பது பொம்மைத் தயாரிப்பின் பால பாடம். ஒன்று அதைவிடக் குறுகலாக இருக்கட்டும், இல்லை தாராளமாக இருக்கட்டும்.

படத்தில் இருந்த ஃபோம் இருக்கையை நாங்கள் கடைசியில் கழற்றிவிட்டோம். தொடை நுழையும் ஓட்டை இறுக்கம், முதுகும் வளைகிறது. உணர்ச்சி உள்ள பிள்ளை அழுது சொல்லிவிடும், இவளுக்கு வலியே தெரியாது. முதல் வாரம் ஒவ்வொரு முறை இறக்கியதும் தங்கை தொடையையும் பின்புறத்தையும் பார்த்தாள். ஒரு நாள் இடது தொடையில் விழுந்த சிவப்பு அரைமணி நேரம் கழித்தும் மறையவில்லை. அன்றே இருக்கையை மாற்றினேன். தட்டையான மெத்தை, நேர் முதுகு, இடுப்பில் பெல்ட். ஸ்பைனா பிஃபிடா பிள்ளைகளுக்கு லேடெக்ஸ் ஒவ்வாமை அதிகம் என்பதால் ரப்பர் மெத்தை, ரப்பர் பட்டை எதுவும் கிட்டே வராமல் பார்த்துக்கொண்டோம்.

இதன் குறையும் எனக்குத் தெரியும். கரடுமுரடான வெளித்தரையில் ஓடாது. சாலைப் பக்கம் கொண்டுபோகவே கூடாது, இந்த உயரத்தில் வண்டி ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியாது. ஒன்றரை ஆண்டு தாண்டினால் பிள்ளைக்குச் சிறிதாகிவிடும்.

ஆக, எது யாருக்கு

கை வலுவாக இருந்து, உட்கார்ந்தால் உடம்பு நிற்கிற பிள்ளைக்குத் தரை வண்டி. வெளியே போக வேறு ஏற்பாடு, மூன்று வயதையொட்டி அளவெடுத்த நாற்காலி. கையும் சோர்ந்துபோகும் பிள்ளைக்கு, உதாரணமாக எஸ்.எம்.ஏ. போன்ற தசை பலவீனத்துக்கு, சக்கரத்தைக் கையால் தள்ளவைப்பது வதை, சீக்கிரமே மோட்டார் பக்கம் போய்விடலாம். ஒரே ஓர் அசைவுதான் நம்பகமாக வருகிறது என்றால் பொத்தான் வைத்த காரில் தொடங்கி ஜாய்ஸ்டிக்குக்கு மாறலாம். கால் தாங்குகிறது, ஆனால் இருபது அடியில் களைத்துவிடுகிறது என்றால் வாக்கரும் வேண்டும், சக்கரமும் வேண்டும். ஒன்றைக் கொடுத்தால் மற்றது கெட்டுவிடும் என்பதில்லை. நாமும் நடக்கத் தெரிந்தும் சைக்கிள் வைத்திருக்கிறோம். எலும்பு எளிதில் முறியும் பிள்ளை என்றால் இதில் எதையும் நீங்களாகச் செய்யாதீர்கள், பெல்ட் இறுக்குவதுகூட மருத்துவரைக் கேட்டுத்தான்.

எங்கள் வண்டி தயாரான அன்று எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். குட்டி முன்னால் வரவில்லை. ஒரு சக்கரத்தை மட்டும் தள்ளித் தள்ளி நின்ற இடத்திலேயே சுற்றினாள், வெகுநேரம். சுவர் வந்தது, ஜன்னல் வந்தது, எங்கள் முகங்கள் வரிசையாக வந்து போயின. பழக்கதோஷத்தில் நான் பின்னாலிருந்து லேசாகத் தள்ளினேன். “மாமா, தள்ளாத!” என்று கையைத் தட்டிவிட்டாள். பிறகு பின்னோக்கி நகர்ந்து நகர்ந்து, திரைச்சீலைக்குப் பின்னால் போய்விட்டாள். இரண்டு சக்கரத்தின் விளிம்பு மட்டும் வெளியே தெரிந்தது.

“அம்மாகிட்ட வாடி செல்லம்” என்று தங்கை கை நீட்டினாள்.

திரைச்சீலை அசைந்தது. “வர மாட்டேன்.”